பட்டை வாங்கச் சீனா போனவர்

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில், எதிரே இருந்தது முப்பிடாதியின் மண்டி. அதாவது, முப்பிடாதியுடைய மச்சானின் மண்டி. இந்த ‘அதாவது’தான் அந்த மனிதரை ஆயுசு முழுக்க ஓட ஓட விரட்டியது.

போர்டில் ‘சங்கரலிங்கம் அண்ட் பிரதர்ஸ், மலைச்சரக்கு வியாபாரம்’ என்று இருக்கும். மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு, பட்டை. சங்கரலிங்கத்துக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை யாரும் கிடையாது. அப்படிப் போட்டால் பேங்க்காரன் மதிப்பான் என்று யாரோ சொன்னதால் போட்டுக்கொண்டது. கூடப்பிறந்தவள் ஒரே தங்கை, பேச்சியம்மாள். அவளைக் கட்டிக்கொண்ட தோஷத்துக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து முப்பிடாதி மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தார். மச்சான் மண்டியில் மெத்தையை விட்டு எழுந்திருக்க மாட்டார். மாப்பிள்ளை உட்கார மாட்டார். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒருத்தரே நடந்துகொண்டிருந்தார்.

நடை என்றால் சாதாரண நடை இல்லை. மொய்து கடையில் சாயா சொல்லிவிட்டு, நின்றபடியே இரண்டு மடக்குக் குடித்து, கிளாசை வைத்துவிட்டு எங்கோ போய் லாரிக்காரனிடம் கத்திவிட்டுத் திரும்பி வந்து, சாயா ஆறிப்போய்விட்டது என்று மொய்துவிடம் சண்டை பிடிப்பார். எர்ணாகுளம் போகிற போட்டிலிருந்து, படகுத்துறையில் கயிறு கட்டுவதற்குள் குதித்து இறங்கி, ஒரு முறை காயலில் விழுந்து எழுந்து நனைந்த வேட்டியோடே பேங்க்குக்குப் போனார். நான் பாலக்காட்டு ஐயர். என்னை அவர் ‘சாமி’ என்று கூப்பிடுவார். மரியாதையாகத்தான் கூப்பிடுவார், ஆனால் நான் பதில் சொல்லி முடிக்கும்போது அவர் இருக்கமாட்டார்.

எழுபதுகளின் நடுவில், ஹாங்காங்கில் இருந்த ஒரு சிந்திக்காரர் மூலமாகச் சீனப் பட்டையை வரவழைக்க ஆரம்பித்தது முப்பிடாதிதான். பம்பாயில் அந்தப் பட்டைக்கு அப்படியொரு கிராக்கி. மச்சானுக்கு முதலில் பிடிக்கவில்லை.

“சீனாக்காரன்கூட நமக்கு என்ன வியாபாரம் மாப்பிள? அறுவத்திரெண்டுல நம்ம பயலுவள அடிச்சவனுவ.”

“அடிச்சது பட்டாளம் மச்சான். பட்டை உரிக்கவன் நம்மள என்ன செஞ்சான்?”

மச்சான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். மூட்டைகள் வேறு ஆள் சரக்கோடு கலந்துவிடாமல் இருக்க ஒரு மார்க்கு வேண்டும் என்று ஹாங்காங்காரர் கேட்டார். முப்பிடாதி என் மேஜைக்கு வந்து, நான் டைப் அடித்து வீணாக்கிய ஒரு தாளை எடுத்து, பின்பக்கம் ஒரு முக்கோணம் போட்டார். அதற்குள் எஸ், பி என்று இரண்டு எழுத்து. சங்கரலிங்கத்துக்கு எஸ், பிரதர்ஸுக்கு பி. போலீஸ் எஸ்.பி. மூட்டை என்று, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். சீனாவில் யாரோ ஒருவன் வருஷா வருஷம் கறுப்பு மையைத் தொட்டு அந்த முக்கோணத்தைச் சாக்கில் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தான். பட்டை வந்தது. லாபமும் வந்தது. மண்டிக்குப் பின்னால் இன்னொரு கோடவுன் எழும்பியது.

எண்பத்திரண்டில் மச்சானுடைய மகன் ராமர் பி.காம். முடித்துவிட்டு வந்தான். நல்ல பையன்தான், தலையை அழுத்தி வாரிக்கொண்டு, சட்டையைக் கசங்காமல் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்கு ஒரு சுழல் நாற்காலி வந்தது. பிறகு விசிட்டிங் கார்டு வந்தது. ‘ராமர், பார்ட்னர்.’ அந்தக் கார்டை என் ஆபீசில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி முப்பிடாதியிடமே கொடுத்தனுப்பினார்கள். அவர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, முதல் தடவையாகக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

“எனக்கு ஒரு கார்டு அடிக்கணும்னு யாருக்காது தோணிச்சா சாமி?”

அன்று சாயங்காலமே மண்டியை விட்டு இறங்கிவிட்டார். ஜூ டவுனில் ஒரு ஒற்றை அறையைப் பிடித்து, வாசலில் போர்டு மாட்டினார். ‘முப்பிடாதி டிரேடிங் கம்பெனி.’ பச்சையில் மஞ்சள் எழுத்து, கண்ணைக் குத்தும். அதைக் கேள்விப்பட்டு மச்சான், “முப்பிடாதின்னு போர்டு வெச்சா வெள்ளக்காரனுக்கு வாய் சுளுக்கிக்கிடும்” என்று சொன்னதாக ஒரு பேச்சு தெருவில் ஓடியது. சொன்னாரோ இல்லையோ, அது முப்பிடாதியின் காதுக்கு வந்து சேர்ந்தது.

கம்பெனிக்கு வியாபாரம்தான் வரவில்லை. தரகர்கள் வருவார்கள், சாயா குடிப்பார்கள், “மச்சானுக்குத் தெரியுமல்லோ?” என்று கேட்பார்கள். பேங்க் மேனேஜரும் அதையே சுற்றி வளைத்துக் கேட்டார். பஜார் ரோட்டுக்கு அவர் சங்கரலிங்கத்தின் தங்கை புருஷன். அவ்வளவுதான். அந்த நாட்களில் அவர் என் ஆபீஸ் வாசலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“ஒரே ஒரு காண்டிராக்ட்டு சாமி. நேரா சீனாக்காரன்ட்ட. ஹாங்காங் கிடையாது, மச்சான் கிடையாது. எம் பேர்ல. பெருசா இருக்கணும்னு இல்ல. எம் பேர்ல இருக்கணும். அப்பறம் இந்த ரோட்ல ஒருத்தனும் என்னய அப்படிக் கேக்க மாட்டான்.”

சீனாவில் காண்டன் என்று ஒரு ஊர், அங்கே வருஷத்தில் இரண்டு முறை பெரிய வியாபாரச் சந்தை, வெளிநாட்டுக்காரன் அங்கே போய்த்தான் சரக்குப் பேச வேண்டும், அழைப்பு இல்லாமல் போகமுடியாது. சரக்கெல்லாம் அரசாங்கத்தின் கையில். ஹாங்காங் சிந்திக்காரரைப் பிடித்து, எண்பத்து மூன்று அக்டோபர் சந்தைக்கு ஓர் அழைப்பை வாங்கிவிட்டார். பாஸ்போர்ட் விசாரணைக்குச் சுள்ளிக்கல்லில் இருந்த அவர் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார்.

“சைனயில் நிங்ஙள்க்கு ஆரா உள்ளது?” என்று பேச்சியம்மாளைக் கேட்டிருக்கிறார், அங்கே சொந்தக்காரர் யார் என்ற அர்த்தத்தில்.

“பட்டை” என்று சொல்லியிருக்கிறாள் அவள். அதுதான் அவளுக்குத் தெரிந்த உண்மை. போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டு போனாராம்.

இதற்குப் பிறகு காண்டனில் நடந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார். கோபம் வரும்போது சொன்னதை நான் நம்புகிறேன்.

ஹாங்காங்கிலிருந்து ரயில். இறங்கினால் தெரு முழுக்க சைக்கிள், எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை. வெளிநாட்டுக்காரனுக்கென்று தனி ஓட்டல், தனிப் பண நோட்டு. அவர்கள் செலவழிக்கிற நோட்டு நமக்குக் கிடையாது. ஓட்டலுக்கு எதிரேயே சந்தைக் கட்டடம். மலைச்சரக்கு விற்கிற அரசாங்கக் கழகத்துக்கு அதில் ஓர் அறை: சோபா, மூடி போட்ட டீக் கோப்பை, பிளாஸ்க், சிகரெட். உள்ளே லியாங் என்றொரு அதிகாரி. சாம்பல் சட்டை, தடிக் கண்ணாடி, எதற்கும் அவசரப்படாத முகம். பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண், மிஸ் ஹோ.

முப்பிடாதி தன் புதுக் கார்டைக் கொடுத்தார். லியாங் அதை இரண்டு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மேஜையில் வைத்தார். பட்டையின் விலை கேட்டதும் ஒரு விலை சொன்னார். முப்பிடாதி குறைத்துக் கேட்டார். லியாங் சீன மொழியில் ஏதோ சொன்னார்.

“நாங்கள் இதை ஆராய்கிறோம்” என்றாள் மிஸ் ஹோ.

“எப்போ சொல்வீங்க?”

“ஆராய்ந்த பிறகு.”

மட்டாஞ்சேரியில் விலை பேசுவது என்றால் உடனே ஒரு சண்டை, எழுந்து போவதுபோல ஒரு நடிப்பு, பின்னால் கூப்பிடுகிற ஒரு குரல், முடிந்தது. இங்கே எழுந்து போனால் போகவிட்டுவிடுகிறான். கூப்பிடுகிற குரலே இல்லை. ஓட்டல் அறையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவலும் ஊறுகாயும் தின்றுகொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

போணி! கொச்சியில் கைநீட்டம் என்பார்கள். காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எந்த வியாபாரிக்கும் மனசு வராது. அன்றைய நாளே கெட்டுவிடும் என்ற பயம். முதல் ஆள் விலையை அடித்துக் கேட்டால், முனகிக்கொண்டாவது கொடுத்துவிடுவான். பஜார் ரோட்டில் முப்பிடாதி வாங்கிய சரக்கில் பாதி, அடுத்தவன் கடை திறக்குமுன் போய் நின்று, போணி நேரத்தில் அடித்து வாங்கியதுதான். சீனாவாக இருந்தால் என்ன, கடை கடைதானே.

மறுநாள் சந்தைக் கதவு திறக்குமுன்னே போய் நின்றார். திறந்ததும் ஜப்பான்காரன், ஜெர்மன்காரன் எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஓடி, லியாங் அறைக்கு முதல் ஆளாகப் போய், மூச்சு வாங்க விலை கேட்டார். லியாங் டீ ஊற்றினார். ஆராய்கிறோம் என்றார். அடுத்த நாளும் ஓடினார். அதற்கடுத்த நாளும். காவல்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் லியாங் தானாகவே ஒரு விலை சொன்னார். அது முதல் நாள் சொன்னதைவிட அதிகம்.

முப்பிடாதிக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. மிஸ் ஹோ பாவப்பட்டு, நீங்கள் ஏன் தினமும் ஓடி வருகிறீர்கள் என்று கேட்டாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் போணியை விளக்கினார்: முதல் ஆள், கடவுள், நல்ல நாள், குறைந்த விலை. அவள் அதை லியாங்குக்குச் சொன்னாள். லியாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை முப்பிடாதி எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

“திரு. லியாங் சொல்கிறார், இது அவருடைய கடை இல்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்குச் சம்பளம். தினமும் முதலில் ஓடி வருகிறவருக்குச் சரக்கு மிகவும் தேவை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதனால்தான் விலை கூடியது.”

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் முப்பிடாதி தன் நெற்றியில் தானே அடித்துக்கொள்வார். “சம்பளக்காரனுக்கு ஏது சாமி போணி? நானே பாதி ஆயுசு சம்பளக்காரனா இருந்தவன். எனக்கு உறைக்கலியே!”

மறுநாள் போகக்கூடாது, லியாங் தவிக்கட்டும் என்று முடிவு செய்தார். பத்து மணி வரைக்கும் அறையில் தாக்குப்பிடித்தார். அதற்குமேல் முடியாமல் ஓடினார். லியாங் தவித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் ஒரு கேள்வி கேட்டார்: எங்களிடமிருந்து இதற்கு முன்னால் சரக்கு வாங்கியிருக்கிறீர்களா?

“ஏகப்பட்ட தடவை!” என்று மேஜையைத் தட்டினார் முப்பிடாதி. ஹாங்காங் வழியாக, இத்தனை வருஷம், நல்ல தரம் மட்டும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற மனிதரா அவர்? மிஸ் ஹோவின் பேனாவைப் பிடுங்கி, தாளில் ஒரு முக்கோணம் போட்டு, உள்ளே எஸ், பி என்று எழுதி லியாங் பக்கம் தள்ளினார்.

லியாங்கின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து உள்ளே போய் இன்னொரு கிழவரைக் கூட்டி வந்தார். அவர் மூட்டைகளைப் பார்த்து அனுப்புகிற பிரிவில் இருந்தவராம். அவர் முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, விரலால் காற்றில் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டித் தலையாட்டினார். எல்லாரும் கை கொடுத்தார்கள். பழைய நண்பர், பழைய நண்பர் என்று மிஸ் ஹோ நாலு தடவை சொன்னாள். விலை இறங்கியது, முப்பிடாதி கேட்டதற்கும் கீழே. அன்று சாயங்காலம் விருந்து. வட்ட மேஜையில் வாத்தும் பன்றியும் பெயர் தெரியாத இன்னும் பலவும். முப்பிடாதி சோறும் கீரையும் தின்றார். சின்னக் கிளாசில் வெள்ளைச் சாராயம் ஊற்றி, ஆளாளுக்கு எழுந்து, கிளாசைக் காலி செய் என்று, ‘கன்பெய்’ சொன்னார்கள். இவரும் எழுந்து குடித்தார். தொண்டையிலிருந்து தொப்புள்வரை தீ இறங்கியதாம். வாழ்க்கையில் அதுபோல ஒரு சந்தோஷம் இருந்ததில்லை என்றார். கல்யாணத்தன்றுகூட இல்லையாம். பேச்சியம்மாள் பக்கத்தில் இல்லாதபோதுதான் இதைச் சொன்னார்.

காலையில் காண்டிராக்ட், அந்த முக்கோணத்துக்கு அவர்கள் பதிவேட்டில் இருந்த பெயரில், டைப் அடித்துத் தயாராக இருந்தது. வாங்குபவர்: சங்கரலிங்கம் அண்ட் பிரதர்ஸ், கொச்சி.

இது தப்பு, என் கம்பெனி வேறு, கார்டு கொடுத்திருக்கிறேனே என்றார். லியாங் கார்டைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தார். இந்தக் கம்பெனி எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். ஒரு வருஷம் என்றதும், கார்டை மெதுவாகத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நாங்கள் இதை ஆராய்கிறோம்” என்றாள் மிஸ் ஹோ.

“ஆராய வேண்டாம்மா! அந்த முக்கோணமே நான் போட்டது. என் கையால போட்டது. நான்தான் அது!”

“திரு. லியாங்குக்கு அது புரிகிறது. நீங்கள் பழைய நண்பரின் ஆள். அது மிகவும் நல்ல விஷயம் என்கிறார்.”

லியாங்கிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழைய மார்க்குக்கு விற்றால் மேலே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். புதுப் பெயருக்கு விற்று நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். முப்பிடாதிக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம். மச்சானுக்காக ஓடி ஓடித் தானே உண்டாக்கிய பெயர், கடல் தாண்டி வந்து தன் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

சந்தை முடிய நாள் நெருங்கிவிட்டது. கையெழுத்துப் போடாமல் வெறுங்கையோடு திரும்பினால் ஜூ டவுன் அறையைப் பூட்ட வேண்டியதுதான். போட்டால் மச்சானிடம் போய் நிற்க வேண்டும். ஓட்டலுக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. அதைச் சுற்றிச் செருப்பு வார் அறுகிறவரை நடந்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கடைசியில் போய்க் கையெழுத்துப் போட்டார், ‘சங்கரலிங்கம் அண்ட் பிரதர்ஸுக்காக’ என்று டைப் அடித்திருந்ததற்குக் கீழே. நல்ல விலையை விட்டுவிட்டுப் போக எந்த வியாபாரியாலும் முடியாது என்று என்னிடம் சொன்னார். பேச்சில் சமாதானம் இருந்தது. முகத்தில் இல்லை.

கொச்சிக்கு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேரே மண்டிக்குத்தான் வந்தார். நான் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காண்டிராக்டை மச்சானின் மெத்தைமேல் வைத்தார். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் பெயரையும் எண்களையும் பார்த்தார். ராமரைக் கூப்பிட்டு, சரக்குப் பணத்துக்கு ஜாமீனாக பேங்க்கில் எல்.சி. திறக்கச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“போர்டு?”

“எந்த போர்டு?”

“ஜூ டவுன்ல தொங்குதுல்லா, அது.”

கழற்றிவிட வேண்டும் என்று அர்த்தம். மறுநாள் போர்டைக் கழற்றும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான்தான். ஆணியைப் பிடுங்கி வீசிவிட்டு, முப்பிடாதி மச்சானையும் மச்சானின் ஏழு தலைமுறையையும் திட்டினார். அதில் பேச்சியம்மாளும் வந்துவிடுகிறாளே என்று சொல்ல நினைத்து, ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை காண்டன். பட்டையோடு அன்னாசிப்பூ, பிறகு வேறு சரக்குகள். மண்டி பெருத்தது. ராமர் கார் வாங்கினான். முப்பிடாதிக்கும் குறை வைக்கவில்லை, வீட்டுக்கு ஓடு மாற்றிக் காங்கிரீட் போட்டார், மகளைக் கட்டிக்கொடுத்தார். ஆனால் காண்டனில் அவர் பெயர் ‘மிஸ்டர் சங்’. சங்கரலிங்கம் என்கிற நீளம் அவர்கள் நாக்குக்கு வராததால் தலையை மட்டும் வைத்துக்கொண்டு வாலை விட்டுவிட்டார்கள். முதல் வருஷத்துக் கார்டை மறந்து, போகப்போகக் கம்பெனியின் பெயர்தான் ஆளின் பெயர் என்று லியாங் நினைத்துவிட்டார். முப்பிடாதி முதலில் திருத்த நினைத்தாராம். ஒவ்வொரு தடவையும் விலை பேச்சு நடுவில் இருக்கும், இப்போது எதற்குக் குழப்பம் என்று விட்டுவிடுவாராம். ஊருக்கு வந்து என்னிடம் கொட்டுவார்.

“அந்தாளு மட்டாஞ்சேரிப் பாலத்தத் தாண்டிப் போனதில்ல சாமி. சீனாவுல அவரு பேரச் சொல்லி எனக்குக் கன்பெய் அடிக்கானுவ. என்னய யாருக்காது தெரியுமா? இங்கயும் தெரியாது, அங்கயும் தெரியாது.”

ஆறுதல் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் படி இறங்கியிருப்பார்.

இரண்டு நாட்டுப் பெரிய தலைகளும் கை குலுக்கிக்கொண்ட பிறகு, எண்பத்தொன்பது மார்ச்சில் லியாங்கே கொச்சிக்கு வந்தார். கூட இரண்டு பேர், இங்கிலீஷ் பேசுகிற ஒரு பையன். பஜார் ரோடு முழுக்க விஷயம் பரவிவிட்டது. மண்டிக்கு வெள்ளையடித்தார்கள். சங்கரலிங்கம் பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் மாலை. நான் பார்க்க முதல் தடவையாக மெத்தையை விட்டு இறங்கி வாசலில் நின்றார். ராமர் வரவேற்புரையை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். என்னையும் துணைக்கு அழைத்திருந்தார்கள், இங்கிலீஷுக்காக.

“மாமா, நீங்க உள்ள சேம்பிள் எடுத்து வைங்க. அவங்க உக்காந்த பொறவு கொண்டாந்தா போதும்” என்றான் ராமர். முப்பிடாதி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கார் வந்து நின்றது. லியாங் இறங்கினார். தலை நரைத்திருந்தது. ராமர் ஆரம்பித்த உரையை அவர் காதில் வாங்கவில்லை. அவர் கண் யாரையோ தேடியது. சங்கரலிங்கம் மாலையை உயர்த்தினார். லியாங் மரியாதையாகத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார், ஆனால் அப்போதும் அவருடைய தோளுக்குப் பின்னால்தான் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, பொறுமை கெட்ட முப்பிடாதி, யாரும் கூப்பிடுமுன்னே சேம்பிள் தட்டோடு வெளியே வந்துவிட்டார்.

லியாங் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். அந்த மனிதர் ஓடுவார் என்று முப்பிடாதியே நினைத்திருக்கமாட்டார். தட்டோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ உரக்கச் சொன்னார்.

“மிஸ்டர் சங்கரலிங்கம், எங்கள் கழகத்தின் மிகப் பழைய நண்பர்!” என்று பையன் கையிலிருந்த தாளில் முழுப் பெயரையும் பார்த்து இங்கிலீஷில் சொன்னான்.

தெருவில் சுமட்டுக்காரர்கள், தரகர்கள், எதிர்க் கடைக்காரர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ராமரின் காது சிவந்துவிட்டது.

“நோ, நோ” என்று முன்னால் வந்தான். “ஹி இஸ் அவர் ஸ்டாஃப்.”

ஸ்டாஃப் என்றுவிட்டான். சொந்த அத்தை புருஷன்! முப்பிடாதி தட்டைத் திண்டில் வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். லியாங்கை நேராகப் பார்த்து, ஆறு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

“மை நேம் இஸ் முப்பிடாதி. நாட் சங்கரலிங்கம்.”

பையன் மொழிபெயர்த்தான். லியாங்கின் சிரிப்பு நின்றுவிட்டது. கூட வந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் சீனத்தில் பேசிக்கொண்டார்கள். பெயர் விஷயத்தில் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பெயரில் சந்தேகம் வந்துவிட்டால் ஆராய ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு பட்டையும் கிடையாது, பூவும் கிடையாது. கடைசியில் பையன் கேட்டான்.

“அப்படியானால் திரு. சங்கரலிங்கம் யார்? நாங்கள் இத்தனை வருஷம் யாருக்கு விற்றோம்?”

எல்லாரும் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்கள். கிழவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நடந்தது எல்லாம் தெரிந்தது. பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு முப்பிடாதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சாமி, நீங்க சொல்லுங்க அவங்கட்ட. சங்கரலிங்கம்னு இங்க ஆளு யாரும் கெடையாது. அது கடைப் பேரு. ஆளு இவருதான்.”

“அப்பா...” என்றான் ராமர்.

“நீ சும்மா கெட லே.”

நான் சொன்னேன். என் இங்கிலீஷ் தடுமாறியது. பையன் அதைச் சீனத்தில் சொன்னதும் லியாங் பெரிதாகத் தலையாட்டினார். அவருக்கு அதில் குழப்பமே இல்லை. கம்பெனிக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பெயர், சரிதானே என்பதுபோலச் சிரித்து, ‘முப்பிடாதி’யைச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை கிட்டத்தட்ட சரியாகவே வந்தது. சங்கரலிங்கம் ஒதுங்கி வழிவிட்டார். முப்பிடாதியும் லியாங்கும் முன்னால் போனார்கள். கடைசியாக, யாரோ ஒரு வயசான கணக்குப்பிள்ளை மாதிரி, முதலாளி உள்ளே போனார்.

கார் போன பிறகு முப்பிடாதி தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் இழவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தது.

“இத்தன வருசமா அந்தாள மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டேதான் சாமி நான் ஓடுனது. அந்தக் கோவத்துலதான் எந்திரிப்பேன், அந்தக் கோவத்துலதான் படுப்பேன். இன்னைக்கு ஒத்தச் சொல்லுல அதயும் எங்கிட்டருந்து புடுங்கிட்டாரு பாவி. இனிமே நான் என்னத்த வெச்சு ஓட?”

அப்புறம் அழுதார். நடு பஜார் ரோட்டில், சுமட்டுக்காரர்கள் பார்க்க, வெட்கமே இல்லாமல் அழுதார்.